வெள்ளைக் குறிக்குத் திருப்பி வைத்த வளையம்

தம்பி,

நான் நலம், அம்மா நலம், நீ நலமா என்று எப்போதும்போலத் தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் வந்துவிடும். அம்மா நலமாக இல்லை, அது உனக்குத் தெரியும். நான் நலமாக இல்லை, அதற்கான காரணம் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை உன் நம்பரை எடுத்தேன். நீ எடுத்ததும், "சாப்டீங்களாப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா" என்று கேட்கிறாய். அந்தக் குரலைக் கேட்டதும் நான் மழை பெய்ததையும், குவார்ட்டர்ஸ் காலி செய்யச் சொல்லி ஆபீசில் ஞாபகப்படுத்தியதையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நீ குறுக்கே அன்பாகப் பேச முடியாது. அதனால் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் காரைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வருகிறது. விலை எதுவானாலும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். கம்பெனியிலும் வண்டி டெஸ்டிங் பிரிவை விட்டு வேறு இடத்துக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். "என் கணக்கையே இப்ப நான் நம்புறதில்லம்மா" என்றாயாம். தம்பி, உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. உன் வண்டியில் கை வைத்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொண்டு படி. அந்தக் காரை நீ ஓட்டிக்கொண்டு வந்து நம் பிளாக்கில் நிறுத்திய நாளில் தெருவே கூடிவிட்டது. உன்னைவிடக் கொஞ்சம்தான் இளைய வண்டி. இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட், வெயிலில் வெளுத்த சிவப்பு. இந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கியிருக்கலாமே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தவக்களை மாதிரி உக்காந்திருக்கு" என்று சிரித்தாள். ஏறி உட்கார்ந்து வடலூர்வரை போய்வந்தாள். வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சிரிப்பு போகவில்லை. அவள் இடுப்புக் கதை உனக்குத் தெரிந்ததுதான். என் பழைய ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் உன் ஸ்கூலுக்கும் அலைந்தே தேய்ந்த டிஸ்க் அது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவள் என் தோளை ஒரு அழுத்து அழுத்துவாள். மெதுவாகப் போ என்று அதற்கு அர்த்தம். நான் அதை ஏதோ பாசம் என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். முன்னால் நின்றுகொண்டு வந்த நீ மட்டும், "அப்பா, அம்மாவுக்கு வலிக்குது" என்பாய். உனக்கு அப்போதே வண்டியில் உட்கார்ந்திருப்பவர் உடம்பு தெரிந்திருந்தது.

சஸ்பென்ஷன் முழுக்கப் போய்விட்டது, கம்பெனி சாமான் இப்போது வருவதே இல்லை, வெளிச் சாமான்தான் போடவேண்டும் என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. வாழ்நாள் முழுக்கச் சுரங்கத்து டம்பர் லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான். மகன் இதிலாவது என்னிடம் கேட்பான் என்று நினைத்தேன். நீயும் கேட்டாய். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அப்பா, ரெண்டு செட்டு பார்த்து வெச்சிருக்கேன், நீங்க சொல்லுங்க" என்றாய். இரண்டுமே உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே மாற்றிக்கொள்கிற வகை. ஒன்று பந்தயத்துக்கென்று செய்தது. ஸ்பிரிங் கல்லு மாதிரி, மேலே பிடிப்பு இரும்பு, பார்க்கவும் பளபளவென்று இருந்தது. மற்றது கொஞ்சம் மென்மையான ஸ்பிரிங், மேலே ரப்பர் பிடிப்பு, உயரத்தை மாற்றுவதற்கு அடியில் தனியாக ஓர் உறை. நான் பார்த்தவுடனே முதல் செட்டைக் காட்டினேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கவேண்டும், டம்பர்கூடக் காலியாகப் போகும்போது தூக்கித்தான் போடும், லோடு ஏறினால் சரியாகிவிடும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

நீ பொறுமையாகக் கேட்டாய். பிறகு சொன்னாய், "டம்பர்ல ஏறுற லோடு டன் கணக்குப்பா. இதுல ஏறப்போறது நானும் அம்மாவும். நான் ஓட்டப்போறதும் ரேஸ் டிராக்ல இல்ல, பண்ருட்டி ரோட்டுல." முதல் வகையில் வண்டியைத் தாழ்த்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தைத்தான் இறக்கவேண்டும், அப்படி இறக்கினால் ஷாக் அப்சார்பர் கீழே போய்வர இருக்கிற இடம் குறைந்துபோகும், பள்ளத்தில் விழுந்தால் அடியில் போய் முட்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாய். இரண்டாவது வகையில் அடி உறையைச் சுற்றினாலே உயரம் மாறும், வளையத்தைத் தொடவே வேண்டாம், அந்த இடம் அப்படியே இருக்கும் என்றாய். எனக்குப் புரிந்தது, தம்பி. அங்கேயே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லி இன்றைக்குத் தப்பிக்க மாட்டேன். ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நான் பெற்ற பிள்ளை, சஸ்பென்ஷனைப் பற்றி எனக்குப் படம் போட்டுக் காட்டுகிறான் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. "உன் இஷ்டம்ப்பா, உன் காசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் டிவியைப் போட்டேன். அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய அடி என்று பெற்றவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.

நீ இரண்டாவது செட்டையே வாங்கினாய். லீவு போட்டு வந்து, ஷெட்டில் நீயே மாட்டினாய். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு உயரத்துக்கும் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பிளாக்கைச் சுற்றி ஓட்டி, "இப்ப எப்படிம்மா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு மாற்றினாய். அவளுக்கோ ஒரே வெட்கம், எனக்காக ஏண்டா இவ்வளவு என்று. கடைசியில் அவள் சரி என்றதும் வளையத்திலும் உறையிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு குறி போட்டாய். நட்டு நகர்ந்தால் தெரிவதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் குறி போடுவோம். நீ சின்னப் பையனாக இருந்தபோது எப்போதோ என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது அந்தக் குறி ஒன்றைத்தான் என்று அப்போது குறைப்பட்டேன். அதையே வைத்து உன்னை ஏமாற்றுவேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நான் ரிட்டயர் ஆகும் நாள் நெருங்கியது. இந்த டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மாதக் கடைசி வந்தால் ஏதாவது ஒரு தெருவில் வெடிச் சத்தம் கேட்கும். செக்‌ஷனில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கார அம்மாவையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, நாலு பேர் நல்லதாகப் பேசி, மேளத்தோடு கார் வைத்து வீடுவரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் ஆரத்தி. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் மாலையோடு காரில் போகிறது அந்த ஒரு நாள்தான். எத்தனையோ பேருக்குப் பின்னால் நான் பைக்கில் போயிருக்கிறேன். என் முறைக்கு, என் மகன் ஓட்ட, அந்தச் சிவப்புக் காரில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீயும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாய். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாய், அம்மா முன்சீட்டில்தான் உட்காரவேண்டும்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் செல்வராசு வந்தான். காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவருவானே, என் கூடவே டம்பர் செக்‌ஷனில் இருந்தவன், அவன்தான். நீ மாலைக்கும் ஸ்வீட்டுக்கும் சொல்லிவிட்டு வர வடலூர் போயிருந்தாய். காரை ஷெட்டில் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "இன்னாங்க இது, ஸ்போர்ட்ஸ் காரு ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்லிகினு இருந்தீங்க, நம்ம வூட்டு ஜீப்பாட்டம் தூக்கிகினு நிக்குது?" அவன் கேலிக்குச் சொன்னது. காபி குடித்துவிட்டு, நாளைக்கு வெடிக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கேலிக்கு ஒரு சிரிப்போடு போயிருக்கவேண்டியவன் நான். நாளைக்கு அத்தனை பேர் முன்னால் வண்டி ஜீப் மாதிரி நிற்குமே என்று நான்தான் ஷெட்டில் நின்று யோசித்தேன். உன்மேல் இருந்த பழைய மனத்தாங்கலும் கூடச் சேர்ந்துகொண்டது. ஜாக்கியை எடுத்தேன்.

அடி உறையைச் சுற்ற வேண்டுமென்றால் கீழே போல்ட்டெல்லாம் கழற்றவேண்டும். வளையம் என்றால் சக்கரத்தைக் கழற்றினாலே கைக்கு வந்துவிடும். எதைத் தொடக்கூடாது என்று நீ படம் போட்டுக் காட்டினாயோ, அதைத்தான் தொட்டேன். நாலு பக்கமும் வளையத்தை இறக்கினேன். வண்டி நன்றாகத் தாழ்ந்து, பார்க்க அம்சமாக உட்கார்ந்தது. தாழ்த்திய வண்டி தட்டாமல் இருக்க இறுக்கிவைத்தால் போதும் என்று டம்பர் புத்தியில் ஒரு கணக்குப் போட்டு, ஷாக் அப்சார்பர் மேலே இருந்த, இறுக்கத்தை மாற்றுகிற குமிழ்களை இறுக்கமான பக்கம் முழுக்கத் திருகிவிட்டேன். நீ வருவதற்குள் கையைக் கழுவிவிட்டேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ மறுபடி ஏற்றிவிடுவாய் என்பதால்தான் சொல்லவில்லை. மறுநாள் கிளம்புகிற அவசரத்தில், "என்னப்பா வண்டி கொஞ்சம் இறங்கின மாதிரி தெரியுது" என்று நீ கேட்டாய். "புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும்" என்றேன். புது ஸ்பிரிங் உட்காரும் என்பது உண்மைதான், அதனால் நீ நம்பிவிட்டாய். பாதி உண்மையை வைத்துச் சொல்கிற பொய்தான் நன்றாக நிற்கிறது.

விழா முடிந்து வெளியே வந்தால் கூட்டம். மாலை போட்டவர் முன்னால் உட்காரட்டும், போட்டோ எடுக்கவேண்டும் என்றார்கள். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய். நான் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பட்டுப்புடவையோடும் மாலையோடும் குனிந்து, அந்தப் பேருக்கு இருக்கிற பின்சீட்டில், சக்கரத்துக்கு மேலேயே போய் ஒடுங்கிக்கொண்டாள். முன்னால் மேளம், பைக்குகள், பின்னால் செக்‌ஷன் ஆட்களின் கார்கள். முதல் ஸ்பீடு பிரேக்கரில் நீ எவ்வளவோ மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினாய், இருந்தும் பின்னால் தடக் என்று ஒரு சத்தம். நீ உடனே பிரேக்கை அழுத்தினாய்.

"அப்பா, அடியில முட்டுது. முட்டக்கூடாது. நிறுத்திப் பார்த்துடறேன்" என்றாய்.

அந்த நிமிஷம் இருக்கிறதே, தம்பி, மற்றதையெல்லாம் கூட நான் எனக்கு நானே மன்னித்துக்கொள்வேன், அந்த நிமிஷத்தை முடியவில்லை. எனக்குத் தெரியும் ஏன் முட்டுகிறது என்று. நான் சொல்லியிருக்கலாம், இறங்கி அம்மாவைப் பின்னால் வந்த காரில் ஏற்றியிருக்கலாம். "லோடு ஏறியிருக்கில்ல, அப்படித்தான் இருக்கும். போ, எல்லாரும் பின்னாடி நிக்கிறாங்க" என்றேன். நீ கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாய். அவள் போ என்று தலையை ஆட்டினாள். அவள் கை என் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது. ஸ்கூட்டரில் அழுத்துவாளே, அதே அழுத்து. நான் சாலை ஓரத்தில் நின்றவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் பிளாக் திருப்பத்தில் இருக்கிற அந்தப் பெரிய ஸ்பீடு பிரேக்கர்தான் முடித்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நான் இறங்கிவிட்டேன். அம்மாவால் இறங்க முடியவில்லை. "கொஞ்சம் இருங்க, வந்திடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. மேளக்காரர் நிறுத்தலாமா வேண்டாமா என்று என்னையே பார்த்தார். நீ சீட்டை மடக்கி, உள்ளே புகுந்து, அவளைத் தூக்கினாய். அவள் அப்போதுதான் கத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் மாமா வந்து நின்றார். கோவில்பட்டியிலிருந்து தங்கைக்கும் மச்சானுக்கும் வேட்டி சேலை எடுத்துக்கொண்டு வந்த மனுஷன். செக்‌ஷன் ஆட்கள், அக்கம்பக்கம், எல்லாரும் நிற்கும்போது உன்னைக் கேட்டார். "ஏலே, பெத்த தாயை உக்கார வைக்கிற வண்டியாலே இது? வெளையாட்டுச் சாமானை வாங்கி, அவ நடுமுதுகை ஒடிச்சிப்புட்டியே." நீ தலையைக் குனிந்துகொண்டாய். "என் தப்புதான் மாமா. செட்டு நான்தான் பார்த்து வாங்குனேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. அதைக் கழற்றவும் தோன்றவில்லை, வாயைத் திறக்கவும் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே மாலையும் சால்வையுமாக நின்ற அப்பன் நான்.

இத்தோடு முடிந்திருந்தால் கோழை என்று மட்டும் என்னைச் சொல்லலாம். மறுநாள் காலை அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? நேரே ஷெட்டுக்குத்தான் போனேன். ஜாக்கி போட்டு, சக்கரம் கழற்றி, வளையங்களை நீ போட்ட வெள்ளைக் குறிக்கே திருப்பி வைத்தேன். குமிழ்களையும் நீ வைத்த இடத்துக்கே கொண்டுவந்தேன். ஒர்க்‌ஷாப் வேலை மாதிரிச் சுத்தமாகச் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து நீ வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாய். எழுந்து வந்து என்னிடம், "எல்லாம் நான் வெச்ச இடத்துலயே இருக்குப்பா. அப்ப என் கணக்கேதான் தப்பு" என்றாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பத்தாவதில் மார்க் குறைந்தபோதுகூட நீ அப்படி இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. உன் தோளில் கை போட்டு, "யானைக்கும் அடி சறுக்கும் தம்பி" என்று ஆறுதல் சொன்னேன். நீ தலையை என் தோளில் சாய்த்தாய். தம்பி, என் வயதில் ஒருவன் தன் பிள்ளையிடமிருந்து அந்த மாதிரி ஒன்றைத் திருடிக்கொள்ளக் கூடாது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போது, எதில் கை வைத்தோமோ அதை அடுத்து வருகிறவனிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். வேலை முடியாவிட்டால் பரவாயில்லை, தப்பாகச் செய்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லாமல் போகக்கூடாது. சொல்லாமல் விட்ட ஒரு நட்டு ஆளைக் கொன்றுவிடும். இந்த விஷயத்தில் நான் எமன் என்று பெயர் எடுத்தவன். ஒருமுறை பக்கத்து ஊர் வடக்குத்துக்காரன் ஒருவன், கான்ட்ராக்ட் ஆள், ஒரு பின்னைத் தளர்த்திவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் விடவில்லை, அவன் கேட் பாஸைப் பிடுங்கவைத்தேன். பர்மனென்ட் ஆளாக இருந்திருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். அவனுக்கு வேலையே போயிற்று. நாம் இப்போது வடக்குத்தில் கட்டியிருக்கிற வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. பால் காய்ச்சும்போது எதிரே வந்தான், நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டான். நான் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அன்று நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவள் வெளிர்நீலச் சேலையின் மடிப்பில் என் கட்டைவிரல் கிரீஸோடு பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. துணி எடுக்கப் போனவன் கையில் கிரீஸ் எதற்கு என்று படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஷெட்டில் ஜாக்கிச் சத்தம் கேட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நானாகச் சொல்வேன் என்று இத்தனை நாள் காத்திருந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதில் வலது கால் பெருவிரல் இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை, செருப்பு அடிக்கடி நழுவி விழுகிறது. நான் ஓடிப்போய் எடுத்து மாட்டிவிடுவேன்.

போன வாரம் நீ போன் செய்து, மறுபடியும் அவளிடம் மன்னிப்புக் கேட்டாய். பேசி முடித்துவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் அவன் எங்கிட்ட மன்னிப்பு கேக்கான். அவன் செய்யாத தப்புக்கு அவனை மன்னிச்சேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் சொல்றது? நான் சொல்லப்போறதில்லை. நீங்கதான் சொல்லணும்." அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்கிற அளவுக்குத்தான். கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை. அவள் எனக்காக வெட்கப்படுகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது உனக்கு நான் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். உன் செட்டு நல்ல செட்டு. நீ வைத்த உயரத்தில், நீ வைத்த இறுக்கத்தில், அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து பிளாக்கைச் சுற்றி வந்தபோது சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள். அதுதான் உன் கணக்குக்குச் சாட்சி. யார் உட்காரப்போகிறார்கள், எந்த ரோட்டில் போகப்போகிறார்கள் என்று பார்த்து நீ தேர்ந்தெடுத்தாய். நானோ வேடிக்கை பார்ப்பவர்களுக்காக மாற்றினேன். வேலையில் உன் பிரிவை விட்டு நீ போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. போவதானால் வேறு ஏதாவது காரணத்துக்காகப் போ, இந்தக் காரணத்துக்காக வேண்டாம். காரை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். முன்பு இதே வார்த்தையைக் குத்தலாகச் சொன்னேன், இப்போது மனதாரச் சொல்கிறேன். பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் வண்டி விஷயத்தில் இனி நான் எதையும் தொடுவதாக இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ அடுத்த நிமிஷமே மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கோபமாக இரு. போனை எடுக்காதே. வந்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போ. அதெல்லாம் எனக்குச் சேரவேண்டியதுதான். நீ திட்டு வாங்கியது ஊர் அறிய, நான் மட்டும் உன் காதோடு காதாகச் சொல்லிவிட்டுத் தப்பித்தால் அது நியாயம் இல்லை. அதனால் இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலும், செக்‌ஷன் ஆட்கள் குரூப்பிலும் அப்படியே போடுகிறேன். உன் மாமாவுக்கு நடந்ததை ஏற்கெனவே தனியாக எழுதி அனுப்பியாயிற்று. அவர் படித்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. வரட்டும். "ஏலே" என்று என்னையும் ஒருமுறை கேட்கட்டும்.

எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஷெட்டில் நான் ஜாக்கியை எடுத்த இடத்துக்குக் கீழே, 'ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தாள். "அதை மட்டும் அடிச்சிருங்க" என்றாள். அடித்துவிட்டேன். தெரிந்துதான் செய்தேன், தம்பி.

அப்பா